பழைய ஆம்ப்ளிஃபயருக்குப் புதிய ஐ.சி.

நாற்பது வருஷங்களுக்கு முன் ஜப்பானில் செய்யப்பட்ட ஓர் ஆம்ப்ளிஃபயரின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே நோக்கினால், கனத்த டிரான்ஸ்ஃபார்மரும், அதன் பக்கத்தில் நிற்கும் இரண்டு பெரிய கண்டென்சர்களும், சூட்டை வெளியேற்றுவதற்காக அடுக்கிய அலுமினியத் தகடுகளுமே முதலில் கண்ணை நிறைத்துவிடுகின்றன. இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி துடிக்கும்போது பிறக்கும் சில மில்லிவோல்ட் மின்னலையை முதன்முதலில் வாங்கிக்கொள்ளும் கருநிறச் சில்லு, எட்டுக் கால்களை ஊன்றிக்கொண்டு பின்புறத்து மூலையில் இருப்பது தேடிப் பார்க்கிறவனுக்குத்தான் தென்படும். அதற்குத்தான் ஆப்-ஆம்ப் என்று பெயர். யந்திரத்தின் எடையில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனால் பழைய யந்திரத்தைப் புதுப்பிக்க நினைக்கிறவர்களின் கை முதலில் போவது அதனிடந்தான்.

சென்ற மாதம் என் நண்பர் ஒருவர் அப்படிப்பட்ட ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். இசைத்தட்டைப் போட்டால் பாட்டுக்கு அடியில் தூரத்து மழைபோல ஓர் இரைச்சல் கேட்பதாகவும், இடது ஸ்பீக்கரில் அது இன்னும் அதிகம் என்றும் சொன்னார். கையோடு ஒரு சிறு பொட்டலமும் கொண்டுவந்திருந்தார். இன்று விற்கும் ஆப்-ஆம்ப்களில் மிக உயர்ந்த ரகம் என்று பலர் சொல்லக் கேட்டு அவர் வாங்கிய எல்.எம்.4562 என்னும் ஐ.சி. இரண்டு அதில் இருந்தன. "பழைய 5532-ஐ எடுத்துவிட்டு இதை வையுங்கள், அது போதும்" என்றார். அவருடைய நம்பிக்கை ஆதாரமற்றதல்ல, இரண்டு ஐ.சி.களின் விவரத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய ஒவ்வொரு வரியிலும் புதியதே முந்தி நிற்கிறது. ஆயினும் அந்தப் பொட்டலத்தை உடனே பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. எந்த ஆப்-ஆம்ப் சிறந்தது என்ற கேள்விக்கு, எந்த இடத்தில் வைப்பதற்கு என்று சேர்த்துக் கேட்டாலொழிய விடை கிடையாது என்பது, இந்தத் தொழிலில் பல வருஷம் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு எனக்கு உறுதியாகிவிட்ட அபிப்பிராயம்.

இந்தச் சாதனத்தின் சுபாவம் விளங்கவேண்டுமானால் 1927-ம் வருஷத்திலிருந்து தொடங்குவது உசிதம். அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிச் சாலையில் ஹரால்ட் பிளாக் என்னும் இளம் இஞ்சினியர் இருந்தார். நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பிகளில் இடையிடையே வைக்கப்பட்ட வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் ஒவ்வொன்றும் குரலைச் சிறிது சிறிதாகத் திரித்து, மறுகோடியை அடையும்போது பேச்சையே உருக்குலைத்துவிடும் சங்கடத்தைத் தீர்க்க அவர் பல வருஷம் முயன்றுகொண்டிருந்தார். அவ்வருஷம் ஆகஸ்டு 2-ம் தேதி காலையில், ஹட்ஸன் நதியைப் படகில் கடந்து வேலைக்குப் போகும் வழியில் அவருக்கு விடை தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் பக்கத்திலேயே அதைக் குறித்துக்கொண்டார். தேவைக்கு மேல் பல மடங்கு பெருக்கக்கூடிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் செய்து, அதன் வெளியீட்டில் ஒரு பகுதியைத் தலைகீழாக்கித் திரும்பவும் உள்ளீட்டில் சேர்த்தால், ஆம்ப்ளிஃபயர் தானாகச் சேர்த்த பிழையைத் தானே கழித்துக்கொள்ளும் என்பதுதான் பின்னூட்டம் எனப்படும் அந்த யோசனை. அபாரமான பெருக்கத்தைத் தியாகம் செய்து நேர்மையைப் பெறுவது என்று அதைச் சொல்லலாம். இது அக்காலத்து அறிஞர்களுக்கே அவ்வளவு விசித்திரமாகப் பட்டதனால், பேட்டென்ட் கிடைக்க 1937 வரை அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்தத் தத்துவத்தை ஆதாரமாகக் கொண்டு, கூட்டல், கழித்தல் முதலிய கணித வினைகளை மின்னழுத்தத்தைக் கொண்டே செய்து முடித்த வால்வு ஆம்ப்ளிஃபயர்களுக்கு ‘ஆபரேஷனல் ஆம்ப்ளிஃபயர்’ என்ற பெயரை 1947-ல் ரகாஸினியும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரையில் வழங்கினார்கள். ஆப்-ஆம்ப் என்பது அதன் சுருக்கம். வால்வுகளில் இருந்த அதைச் சிலிக்கான் சில்லுக்குள் அடக்கி, விலை மலிவாகப் பலர் கைக்கும் எட்டச் செய்ததில் ஃபேர்சைல்டு கம்பெனியின் பாப் விட்லருக்குப் பெரும் பங்கு உண்டு. 1965-ல் அவர் வகுத்த 709-க்குப் பிறகு, 1968-ல் டேவ் ஃபுல்லகர் வகுத்த 741 உலகமெங்கும் பரவியது.

இந்தச் சரித்திரத்தில் நமக்கு வேண்டிய அம்சம் ஒன்றுதான். பின்னூட்டம் தாராளமாக இருக்கும்வரை, ஆப்-ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்கும் என்பதையும் எவ்வளவு நேர்மையாகப் பெருக்கும் என்பதையும் பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ள ரெசிஸ்டர்களும் கண்டென்சர்களுமே நிர்ணயிக்கின்றன. சில்லு அவற்றின் ஆணையை நிறைவேற்றும் பணியாள். பணியாளுக்கு வலிமை போதாத இடத்தில்தான் அவனை மாற்றிப் பயன் உண்டு. ஆகவே, பழைய சில்லுக்கு எந்த வலிமை போதவில்லை என்பதை முதலில் கண்டுகொள்ள வேண்டும்.

741-ஐயே எடுத்துக்கொள்வோம். அதன் வெளியீடு, ஒரு மைக்ரோ விநாடியில், அதாவது விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில், அரை வோல்ட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ இயலாது. 20,000 ஹெர்ட்ஸ் சுருதியில் 10 வோல்ட் உச்சம் தொடும் அலைக்கு மைக்ரோ விநாடிக்கு ஏறக்குறைய 1.26 வோல்ட் வேகம் வேண்டும். அரை வோல்ட் வேகமுள்ள 741, அதே உச்சத்தை 8,000 ஹெர்ட்ஸ் வரையில்தான் எட்டும், அதற்குமேல் வட்டமான அலை முக்கோணமாகிவிடும். அன்றியும், 20,000 ஹெர்ட்ஸில் அதனிடம் மிஞ்சியிருக்கும் பெருக்கம் 50 மடங்குதான். அதில் 10 மடங்கைச் சர்க்யூட் கேட்டால், பிழை திருத்துவதற்கு 5 மடங்கே எஞ்சுகிறது. ஆதலால் 1970-களின் கருவி ஏதேனும் ஒன்றில், இசை செல்லும் பாதையில் 741 இருப்பதைக் கண்டால், தயங்காமல் மாற்றலாம். காதுக்குத் தெரியக்கூடிய பயன் உண்டு. அதற்குப் பின் வந்த 4558 சற்று மேல். 1970-களின் பிற்பகுதியில் வந்த டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.எல்.072-ம், சிக்னெடிக்ஸ் கம்பெனியின் 5534, 5532 ஆகியவையும் வேகத்தில் வேறு ஜாதி: முந்தியது மைக்ரோ விநாடிக்கு 13 வோல்ட், 5532 அதே நேரத்தில் 9 வோல்ட். மனிதச் செவி கேட்கும் எல்லையில் இசைக்கு வேண்டிய வேகத்தைப்போல் இவை பல மடங்கு. ஆகையால் 5532 இருக்குமிடத்தில் அதைவிட வேகமான ஒன்றை வைப்பது, காலியான சாலையில் வண்டிக்கு இன்னொரு குதிரை கட்டுவது போன்ற காரியம்.

வேகம் போகட்டும், நண்பர் கொண்டுவந்த குறை இரைச்சலைப் பற்றியது. நான் இந்தத் துறையில் கற்றவற்றுள் என்னை அதிகம் வியக்கவைத்த பாடமும் இரைச்சலைப் பற்றியதுதான்.

ஆப்-ஆம்பின் இரைச்சல் ஒன்றல்ல, இரண்டு. சில்லு தன் உள்ளீட்டில் தானே தோற்றுவிக்கும் மின்னழுத்த இரைச்சல் ஒன்று. இதைத்தான் விளம்பரத்தின் முதல் வரியில் அச்சிடுவார்கள். நானோவோல்ட்டில், அதாவது ஒரு வோல்ட்டின் நூறு கோடியில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு, ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு இவ்வளவு என்று சொல்வது மரபு. டி.எல்.072-க்கு அது 18, 5532-க்கு 5, நண்பரின் பொட்டலத்திலிருந்த 4562-க்கு 2.7. இந்த வரியோடு படிப்பதை நிறுத்திக்கொண்டால் தீர்ப்பு முடிந்துபோயிற்று. ஆனால் இரண்டாவது இரைச்சல் ஒன்று உண்டு. அது மின்னோட்ட இரைச்சல். சில்லின் முதல் டிரான்சிஸ்டருக்குள் பாயும் மிகச் சிறிய மின்னோட்டம் ஒழுங்கான நீரோடையாக இராமல், தகரக்கூரையில் விழும் தூறல்போல் எலெக்ட்ரான் எலெக்ட்ரானாகச் சிதறி விழுவதனால் பிறப்பது அது. தனியே அதற்குச் சப்தம் இல்லை. எந்த மின்தடையின் வழியாக அது பாய்கிறதோ அந்தத் தடையின் அளவுக்கு ஏற்பத்தான் அது மின்னழுத்தமாக மாறிக் காதுக்கு வருகிறது.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு தராசு இருக்கிறது. மின்னழுத்த இரைச்சலைக் குறைக்க வேண்டுமானால் முதல் டிரான்சிஸ்டரில் அதிக மின்னோட்டத்தை ஓடவிட வேண்டும். அப்படி ஓடவிட்டால் அதன் பேஸ் முனையில் புகும் மின்னோட்டமும் ஏறி, அந்தத் தூறல் வலுத்துவிடும். உள்ளே புகும் மின்னோட்டத்தைச் சமன்செய்யச் சில்லுக்குள்ளேயே எதிர் மின்னோட்டம் ஒன்றை ஊட்டும் உபாயமும் சில ஐ.சி.களில் உண்டு, மின்னோட்டங்கள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், ஆனால் இரண்டின் சிதறலும் கழிவதில்லை, கூடிக்கொள்கிறது. ஆதலால் விவரத்தாளில் உள்ளீட்டு மின்னோட்டம் சொற்பம் என்று கண்டு ஏமாந்துவிடக் கூடாது. 4562-ன் மின்னோட்ட இரைச்சல் 1.6 பிகோ ஆம்பியர், 5532-க்கு 0.7, 5534-ல் பொறுக்கியெடுத்த ‘ஏ’ ரகத்துக்கு 0.4, முதல் டிரான்சிஸ்டரிலேயே ஜே-ஃபெட் வகையைக் கொண்ட டி.எல்.072-க்குக் கணக்கில் சேர்க்க வேண்டாத அளவு.

இப்போது இசைத்தட்டு ஊசியின் பக்கம் வருவோம். சாதாரணமாகப் பலரும் வைத்திருக்கும் காந்தம் அசையும் வகைக் கார்ட்ரிட்ஜுக்குள், முடியைவிட மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றியிருக்கிறார்கள். அதன் இண்டக்டன்ஸ் ஏறக்குறைய அரை ஹென்றி. தாழ்ந்த சுருதிகளில் இந்தச் சுருள் சில நூறு ஓம் தடையாகத் தோற்றமளித்துச் சாதுவாக இருக்கிறது. சுருதி ஏற ஏற அதன் மறுப்பும் ஏறி, 10,000 ஹெர்ட்ஸில் 31 கிலோ ஓமைத் தாண்டிவிடுகிறது. ஆம்ப்ளிஃபயரின் நுழைவாயிலில் மரபாக வைக்கும் 47 கிலோ ஓம் ரெசிஸ்டரும் பக்கத்தில் சேர, சில்லின் கண்ணுக்கு அங்கே தெரிவது சுமார் 26 கிலோ ஓம். இதன் வழியாக 1.6 பிகோ ஆம்பியர் பாய்ந்தால் 42 நானோவோல்ட் இரைச்சல் உண்டாகும். விளம்பரத்தில் பெருமையாக அச்சிட்ட 2.7 அதன் அருகே இருக்குமிடம் தெரியாமல் மறைந்துவிடுகிறது. இதே இடத்தில் 5532 உண்டாக்குவது 18. 5534-ஏ உண்டாக்குவது 10-க்குச் சற்று மேல். வெப்பத்தின் காரணமாகவே எந்த ரெசிஸ்டருக்குள்ளும் எலெக்ட்ரான்கள் ஓயாமல் அலைந்து இரைச்சல் செய்கின்றன என்று 1928-ல் ஜான்ஸனும் நைக்விஸ்டும் நிறுவினார்களே, அந்தப் பங்கு எல்லாருக்கும் பொதுவாக ஏறக்குறைய 15. இரைச்சல்களை நேராகக் கூட்டாமல் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் 10,000 ஹெர்ட்ஸில் 5534-ஏ-க்கு 19, 5532-க்கு 24, பழசு என்று பலர் ஒதுக்கும் டி.எல்.072-க்கும் அதே 24, புதிதாக வந்த 4562-க்கோ 45!

இசைத்தட்டுக்கு உரிய ஆர்.ஐ.ஏ.ஏ. சமனாக்க முறைப்படி உயர்ந்த சுருதிகளை ஆம்ப்ளிஃபயர் பின்னர் தணித்துவிடுவதால், மொத்த இரைச்சலில் இந்த வித்தியாசம் சுருங்கும் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. சுருங்கினாலும், காந்தம் அசையும் கார்ட்ரிட்ஜுக்கு 4562-ஐவிட 5532 அமைதியானது என்ற நிலை மாறுவதில்லை. இன்னும் ஒரு விசேஷம்: சுருள் அசையும் வகைக் கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொண்டால், அதன் தடை 10 ஓம் போன்ற சொற்ப அளவே ஆகையால், மின்னோட்ட இரைச்சல் அங்கே ஒன்றுமே இல்லாமல் போய், அதே 4562 முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. சில்லு மாறவில்லை, ஊசிதான் மாறியது, தீர்ப்பு தலைகீழாயிற்று.

இவ்வளவு நுட்பமில்லாத, ஆனால் இன்னும் அடிக்கடி நேர்கிற விபத்துகள் சில உள்ளன. வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னே நேராக டி.எல்.072-ஐ வைத்துச் செய்த யந்திரங்கள் ஏராளம். அங்கே 5532-ஐ மாற்றி வைக்கிறவன், 200 நானோ ஆம்பியர் உள்ளீட்டு மின்னோட்டம் 100 கிலோ ஓம் வழியாகப் பாய்ந்து 20 மில்லிவோல்ட் நேர்மின் அழுத்தத்தைக் கண்ட்ரோலின் முள்மேல் நிறுத்திவிடும் என்பதை அறியாதவனாக இருந்தால், குமிழைத் திருப்பும்போதெல்லாம் கரகரவென்று வரும் சப்தத்துக்குக் குமிழையே பழிப்பான். இரட்டைச் சில்லான 5532 எந்தப் பெருக்கத்திலும் நிலையாக நிற்கும்; ஒற்றைச் சில்லான 5534-ஓ 3 மடங்குக்குக் குறைந்த பெருக்கத்தில், 5-வது காலுக்கும் 8-வது காலுக்கும் இடையே 22 பிகோ ஃபாரட் கண்டென்சர் இல்லாவிட்டால், செவிக்கு எட்டாத சுருதியில் தானே ஊளையிடத் தொடங்கும். அந்த ஊளையை யாரும் கேட்பதில்லை. சில்லு கையைச் சுடுவதும், இசை காரணமின்றிக் கரடுமுரடாவதுமே அதன் அடையாளங்கள். பல பத்து மெகாஹெர்ட்ஸ் எட்டும் அதிவேகச் சில்லுகளுக்கு இந்த வியாதி இன்னும் சுலபமாகத் தொற்றும், ஏனென்றால் 1980-ல் மெதுவான சில்லுக்காக வரைந்த போர்டில் கம்பித் தடங்கள் நீளமாகவும், மின்சாரத்தைச் சுத்தப்படுத்தும் கண்டென்சர்கள் தூரத்திலும் இருக்கும். 100 நானோ ஃபாரட் செராமிக் கண்டென்சர் ஒன்றைச் சில்லின் இரண்டு மின்சாரக் கால்களுக்கும் இடையே, போர்டின் அடிப்புறத்தில் நேராகப் பற்றவைப்பது நல்ல முன்னெச்சரிக்கை. பிறகு ஆஸிலோஸ்கோப்பில் பார்க்காமல் மூடியைப் பூட்டக் கூடாது.

பசியையும் கவனிக்க வேண்டும். டி.எல்.072 ஒன்று சுமார் 2.8 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ள, 5532 ஏறக்குறைய 8 எடுக்கிறது. இருபது சில்லுகள் உள்ள ஒரு மிக்ஸரில் எல்லாவற்றையும் மாற்றினால், 30 வோல்ட் மின்சாரத்தில் கூடுதலாக 3 வாட்டுக்கு மேல் சூடு. அந்தச் சுமைக்கென்று செய்யப்படாத பழைய ரெகுலேட்டர் அதனால் களைத்துப்போகும். இந்தப் பசியே வேறொரு விதத்தில் உதவியும் செய்கிறது: மலிவான சில்லின் பெயரைச் சுரண்டிவிட்டு உயர்ந்த ரகத்தின் பெயரை அச்சடித்து விற்கும் மோசடி எங்கும் நடப்பதால், 5532 என்று வாங்கியது 8-க்குப் பதிலாக இரண்டரை மில்லி ஆம்பியர் மட்டும் எடுத்தால், உள்ளே இருப்பது 4558 என்று சந்தேகிக்கலாம். மீட்டர் ஒன்றே போதும்.

நண்பரின் யந்திரத்துக்குத் திரும்புகிறேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு 5532 வீதம் இருந்த இரண்டையும், உறிஞ்சுகுழலால் ஈயத்தை எடுத்து, பழைய போர்டின் செப்புத்தடம் பெயர்ந்துவிடாதபடி நிதானமாகக் கழற்றி, சாக்கெட் வைத்து, முதல் காரியமாக இடதுபக்கத்து ஐ.சி.யை வலதுக்கும் வலதுபக்கத்து ஐ.சி.யை இடதுக்கும் மாற்றினேன். குற்றம் சில்லினுடையதானால் இரைச்சலும் அதோடு வலதுக்குப் போக வேண்டும். போகவில்லை, அதிகப்படியான இரைச்சல் இடதிலேயே இருந்தது. அந்தப் பக்கத்து நுழைவாயிலிலிருந்த எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சரைக் கழற்றிச் சோதித்ததில், அது மின்சாரத்தைத் தடுத்து நிறுத்த வேண்டிய வேலையை மறந்து கசியவிட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. நாற்பது வருஷத்து வெப்பத்தில் அதனுள் இருந்த திரவம் உலர்வதும் அதன் அடைப்பு தளர்வதும் இயற்கையே. ஆப்-ஆம்ப் சில்லுக்கு அப்படிப்பட்ட மூப்பு எளிதில் வருவதில்லை. பழைய கருவிகளில் அதன்மேல் சுமத்தப்படும் குற்றங்களில் பெரும்பகுதி கண்டென்சர்களையும், களிம்பேறிய சுவிட்சுகளையும், விரிசல் கண்ட ஈயப் பற்றுகளையும் சேர்ந்தவை என்பது என் அனுபவம். இரண்டு பக்கத்திலும் புதிய கண்டென்சர் வைத்தவுடன் இரண்டு ஸ்பீக்கர்களும் சமமாக அமைதியடைந்தன.

அவருடைய ஆசைக்காக 4562 இரண்டையும் சாக்கெட்டில் பொருத்திப் பார்த்தோம். ஒப்பிட்டுக் கேட்கும்போது இரண்டு முறையும் ஒலியளவு சரியாக ஒன்றாயிருக்க வேண்டும், ஏனென்றால் அணுவளவு உரத்துக் கேட்பதைச் செவி அழகு என்று எண்ணிவிடும். ஆகையால் சோதனைத் தட்டு ஒன்றைப் போட்டு, ஸ்பீக்கர் முனையில் மீட்டர் காட்டும் எண் மாறாதபடி அமைத்துக்கொண்டோம். எது எந்தச் சில்லு என்று அவருக்குச் சொல்லவில்லை. தட்டில் ஊசி படாமல், வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றி, மௌனத்தை மட்டும் கேட்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். நான்கு முறை மாற்றினேன். நான்கு முறையும் அமைதியானது என்று அவர் கை காட்டியது பழைய 5532-ஐத்தான். அதன் பின் ஊசியைத் தட்டில் இறக்கினோம். பாட்டு தொடங்கிய பிறகு இரண்டுக்கும் வித்தியாசம் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பழைய ஐ.சி.களே சாக்கெட்டில் இருக்கட்டும் என்று அவரே சொன்னார். 4562 இரண்டையும் திரும்பப் பொட்டலத்தில் வைத்து மடித்து, சுருள் அசையும் கார்ட்ரிட்ஜுக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் ஒன்று செய்து தருவதாக நான் சொல்லியிருப்பதால், 'மூவிங் காயிலுக்கு' என்று அதன்மேல் பென்சிலால் எழுதி, என் மேஜை டிராயரிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.